வருத்தம் இல்லாதவருக்கு எதற்கு எச்சில் சுரப்பி ஸ்கேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையக வைத்தியசாலைகளில் ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படும்போது என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வயிற்று ஸ்கேனைப் பற்றியோ கர்ப்பிணிகளின் ஸ்கேனைப் பற்றியோ எவரும் அதிகம் கேட்பதில்லை. கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஜெல் பூசி, நடுவில் தேசிக்காய்ச் சாறும் கொடுத்துப் பார்க்கும் உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேன் என்றால்தான், அதுவும் சுகதேகியான ஒருவரை ஒப்பீட்டுக்காக அழைத்திருந்தால், கேள்விகள் ஓய்வதில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லை ஒட்டியே கீழே தந்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. தனிப்பட்ட அறிக்கையைப் பற்றி அதைப் பார்த்த வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே. என்னைக் கூப்பிட்டு எதற்கு ஸ்கேன் பண்ணுகிறீர்கள்?

ஒரு நோயாளியின் சுரப்பி மாறியிருக்கிறது என்று சொல்வதற்கு, மாறாத சுரப்பி எப்படி இருக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். வயது, உடற்பருமன், உட்கொள்ளும் மருந்துகள், அன்று குடித்த தண்ணீரின் அளவு ஆகிய எல்லாமே சுரப்பியின் தோற்றத்தையோ வேலையையோ மாற்றுவதால், ஆரோக்கியமானவர்களுக்கு இடையிலேயே வேறுபாடு மிக அதிகம். வேறொரு நாட்டில் வேறு உணவும் வேறு உடல்வாகும் உள்ளவர்களிடம் எடுத்த அளவுகளை, நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது நியாயமாகாது. அதனால்தான் இங்குள்ள சுகதேகிகளையே அழைத்துப் பார்க்கிறார்கள்.

ஆய்வுக்காக அழைக்கப்பட்டிருந்தால், சேர்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். சம்மதப் பத்திரத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக்காட்டும்படி கேட்கலாம். மறுத்தாலும் வழமையான சிகிச்சையில் குறை வரக்கூடாது. இதைக் கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

எச்சில் நாக்குக்கு அடியிலிருந்துதானே ஊறுகிறது? பிறகு ஏன் காதுக்குக் கீழே ஜெல் பூசுகிறார்கள்?

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று சோடி இருக்கின்றன. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படிந்திருப்பது காதடிச் சுரப்பி. கூகைக்கட்டு, அதாவது பொன்னுக்குவீங்கி, வரும்போது வீங்குவது இதுவே. தாடை எலும்பின் உட்புறமாகக் கீழே இருப்பது தாடையடிச் சுரப்பி. மூன்றாவதும் சிறியதுமான நாவடிச் சுரப்பி வாயின் தளத்தில் இருக்கிறது. உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் இருந்தாலும், அவற்றை இந்த ஸ்கேனில் பார்ப்பதில்லை.

இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாடையடிச் சுரப்பிகளிலிருந்தே வருகிறது. அவற்றின் குழாய் நாக்குக்கு அடியில் திறப்பதால்தான் எல்லாமே அங்கிருந்து ஊறுவதுபோலத் தோன்றுகிறது. மெல்லத் தொடங்கியதும் காதடிச் சுரப்பியின் பங்கு ஏறிப் பாதியை நெருங்கிவிடும். அதன் குழாய் மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. நாக்கு நுனியால் தடவினால் ஒரு சிறு மேடாகத் தட்டுப்படும்.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே ஸ்கேன்தானா? கதிர் படுமா?

முறை ஒன்றே. எக்ஸ்ரே, சீ.டி. ஸ்கேன் ஆகியவற்றில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. நின்று கூவினால் எதிர்மலையில் மோதித் திரும்பும் குரலைப்போல, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி உடலுக்குள் சென்று மோதித் திரும்புவதிலிருந்து படம் உருவாகிறது. வயிற்றுக்கு ஆழம் தேவை என்பதால் குறைந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துவார்கள். சுரப்பிகள் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் 7 முதல் 15 மெகாஹேட்ஸ் வரையான, நுணுக்கமாகக் காட்டும் தட்டையான புரோப், அதாவது தோலில் வைத்து நகர்த்தும் கைக்கருவி, போதும்.

குறை ஒன்று உண்டு. ஒலி எலும்பைத் தாண்டிச் செல்லாததால், காதடிச் சுரப்பியின் உட்பகுதி தாடை எலும்பின் பின்னால் மறைந்துவிடுகிறது. அறிக்கையில் அந்தப் பகுதி முழுமையாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஸ்கேனில் எச்சில் சுரப்பது கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள் என்பேன், ஏனென்றால் பிந்திய குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படம் சுரப்பியின் அமைப்பை மட்டுமே காட்டுகிறது. ஆரோக்கியமான சுரப்பி, பக்கத்தில் உள்ள தசையைவிட வெளிறி, உள்ளே ஒரே சீரான மணல்பரப்புப் போன்ற தன்மையுடன், தெளிவான விளிம்போடு தெரியும். காதடிச் சுரப்பியில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் அது மற்றதைவிட இன்னும் வெளிறியிருக்கும். உடல் பருத்தவர்களில் இந்த வெளிறல் மேலும் கூடும், ஒல்லியான பிள்ளைகளில் குறையும்.

இப்படி அழகாகத் தெரியும் ஒரு சுரப்பி அந்த நேரத்தில் சுரக்கிறதா, சும்மா இருக்கிறதா என்பதை அந்தப் படத்தைக் கொண்டு சொல்ல முடியாது. வேலையைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டுமானால் சுரப்பியைத் தூண்டிவிட்டு, தூண்டுவதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் தேசிக்காய்.

நடுவில் ஏன் தேசிக்காய்ச் சாறு கொடுக்கிறார்கள்? அதைக் குடித்தால் யாருக்குத்தான் எச்சில் ஊறாது?

எல்லோருக்கும் ஊறும் என்பதே அதைத் தேர்ந்தெடுத்த காரணம். சுவைகளில் புளிப்பே உமிழ்நீரை மிக வலுவாகத் தூண்டுகிறது. நாக்கில் புளிப்புப் பட்டதும் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நரம்புகள் வழியாகச் சுரப்பிகளுக்குக் கட்டளை வருகிறது. அந்தக் கட்டளை சுரப்பைத் தொடக்கிவிடுவதோடு, சுரப்பிக்குள் உள்ள இரத்தக் குழாய்களையும் விரியச் செய்கிறது, ஏனென்றால் உமிழ்நீருக்குத் தேவையான நீர் இரத்தத்திலிருந்தே வந்தாக வேண்டும்.

இந்த இரத்த ஓட்டத்தைத்தான் ஸ்கேனின் டொப்ளர் முறை பிடித்து, படத்தில் நிறமாகக் காட்டுகிறது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான சுரப்பிக்குள் நிறப்புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். சாறு பட்ட சிறிது நேரத்திலேயே அவை பெருகும். சுரப்பிக்குப் போகும் நாடியில் இரத்தத்தின் உச்ச வேகம் ஏறும், ஓட்டத்துக்கான தடையைக் குறிக்கும் எண் இறங்கும், சில நிமிடங்களில் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். தாடையடிச் சுரப்பிக்கு முகநாடியில் இதை அளப்பது வழக்கம். ஓய்வு நேரத்தில் கண்ணில் படாத உமிழ்நீர்க் குழாயும், சாறு பட்டபின் நிரம்பி இரண்டு மெல்லிய கோடுகளுக்கு இடையே ஒரு கறுப்பு இழையாகத் தெரியலாம்.

கவனிக்க வேண்டியது, அளக்கப்படுவது இரத்த ஓட்டம், உமிழ்நீர் அன்று. அழற்சி கண்ட சுரப்பியிலும் நிறம் பெருகும். அது நன்றாக வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. ஓய்வுநிலைக்கும் தூண்டிய நிலைக்கும் இடையிலான வித்தியாசத்துக்கே இங்கு மதிப்பு. வாயில் புண் இருந்தாலோ, சாப்பிடும்போது தாடைக்கு அடியில் வீங்கி வலிக்கும் பழக்கம் இருந்தாலோ சாறு கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழாயில் கல் இருப்பவருக்குப் புளிப்பு கடும் வலியைத் தரும். பரிசோதனை முடிந்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தால் பல்லுக்கும் நல்லது.

ஸ்கேனுக்கு வரும் அன்று சாப்பிடலாமா? வெற்றிலை போடலாமா?

வயிற்று ஸ்கேனைப்போல நீண்ட நேரம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனாலும் வருவதற்கு முன் ஒரு மணித்தியாலமாவது சாப்பிடாமலும், பிளேன்டி குடிக்காமலும், வெற்றிலை போடாமலும், புகைக்காமலும் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஓய்வில் இருக்க வேண்டிய சுரப்பி ஏற்கெனவே தூண்டப்பட்ட நிலையில் படத்தில் விழும். பிறகு தேசிக்காய் கொடுத்தாலும் ஒப்பிட வித்தியாசம் மிஞ்சாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் கழிப்பிட வசதி இல்லாததால், கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடலில் நீர் குறையும்போது உமிழ்நீரும் குறைகிறது. இது சுரப்பியின் பழுதன்று, நீர் இல்லாததன் விளைவு. அப்படிப்பட்ட ஒருவரை வேலைத்தலத்திலிருந்து நேரே கூட்டிவந்து அளந்து, சுகதேகியின் அளவு இதுதான் என்று எழுதிவைத்தால் அந்த ஒப்பீடே கோணலாகிவிடும். விரதம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நேரமும் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுபோகிறது. பிற்பகல் பின்னேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. முதல்முறை காலை பஸ்ஸில் வந்து அளந்தவர், மறுமுறை பின்னேரம் வந்து அளந்தால் சுரப்பி முன்னேறிவிட்டதாகத் தோன்றும். மறுமுறையும் அதே நேரத்துக்கு வரச்சொல்வது இதனால்தான்.

சாயம் கூடின பிளேன்டி குடித்தால் வாய் வறண்டுபோகிறதே. தேயிலை எச்சில் சுரப்பியைக் கெடுக்குமா?

தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால், நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே இருந்த வழுவழுப்புக் குறைந்து, வறண்டதுபோல ஓர் உணர்வு வருகிறது. உமிழ்நீரின் அளவு அங்கு குறைவதில்லை. நுவரெலியாவின் தை, மாசிக் குளிரில் மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுத் தூங்குபவர்களுக்குக் காலையில் வாய் காய்ந்திருப்பதும் இப்படித்தான். சுரப்பியில் குறை இருக்காது.

ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கிறதாம். அது கட்டியா?

இரண்டு கைகளும் அச்சொட்டாக ஒரே அளவில் இல்லாததுபோல, இரு பக்கச் சுரப்பிகளிலும் சிறு வித்தியாசம் இருப்பது சாதாரணம். உட்புறம் சீராக இருந்து, விளிம்பு தெளிவாக இருந்தால் அளவு வித்தியாசத்தை மட்டும் வைத்து எவரும் நோய் என்று சொல்வதில்லை. ஒரு பக்கம் புதிதாக வீங்கியதாக நீங்களே உணர்ந்தால் அது வேறு விடயம்.

கன்னச் சுரப்பிக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்ததாகச் சொன்னார்கள். இரவு தூக்கமே இல்லை.

காதடிச் சுரப்பிக்குள் நிணநீர்க் கணுக்கள் இயல்பாகவே இருக்கின்றன. அந்தச் சுரப்பியின் தனித்தன்மை அது. சிறிதாக, நீள்வட்டமாக, நடுவில் வெளிறிய கொழுப்புப் பகுதியோடு தெரிந்தால் அவை சாதாரணக் கணுக்களே. உருண்டு திரண்டு, நடுப்பகுதி மறைந்து, நாளுக்கு நாள் பெரிதாகுபவற்றையே வைத்தியர் மேலும் ஆராய்வார். எதைக் கண்டார் என்று ஒரு வரியில் கேட்டுக்கொண்டே வெளியே வாருங்கள். அரைகுறையாகக் காதில் விழுந்த சொல் அறிக்கையைவிட அதிகம் பயமுறுத்துகிறது.

பெரிய சுரப்பி உள்ளவருக்கு எச்சிலும் அதிகமாகச் சுரக்கும் என்று சொல்லலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சுரப்பியின் பருமனில் சுரக்கும் திசுவோடு கொழுப்பும் சேர்ந்திருக்கிறது. உடல் எடை கூடியவர்களில் காதடிச் சுரப்பி பெரிதாகத் தெரிவதற்கு அந்தக் கொழுப்பும் ஒரு காரணம். நெடுங்காலச் சீனி வருத்தத்திலும் மதுப்பழக்கத்திலும் சுரப்பிகள் வலியில்லாமல் பருப்பதுண்டு. அங்கே பெரிதாவது நல்ல அறிகுறி அன்று.

ஸ்கேனில் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதை 0.52 ஆல் பெருக்கிக் கன அளவைக் கணிப்பார்கள். இது சுரப்பி முட்டை வடிவம் என்ற அனுமானத்தில் போடும் கணக்கு. காதடிச் சுரப்பி அந்த வடிவத்துக்குச் சற்றும் அடங்காது, அதன் உட்பகுதி மறைந்தும் இருக்கிறது என்பதை முன்பே சொன்னேன். ஆகையால் கன அளவை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, பிறகு ஏன் கிண்ணத்தில் துப்பச் சொல்கிறார்கள்? வெட்கமாக இருக்கிறது.

ஸ்கேன் சொல்லாததைத் துப்பல் சொல்கிறது என்பதால். தலையைச் சற்றுக் குனிந்து, விழுங்காமல், குறித்த நிமிடங்களுக்கு வாயில் சேர்வதைக் கிண்ணத்தில் விட வேண்டும். தூண்டாத நிலையில் நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலீற்றர் வரை சுரப்பது சராசரி, 0.1 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் குறை சுரப்பு என்று கொள்வார்கள். மெழுகையோ சுவிங்கத்தையோ மென்றபடி அளந்தால் 1 மில்லிலீற்றரைத் தாண்டுவது வழக்கம்.

துப்பலில் எல்லாச் சுரப்பிகளின் நீரும் கலந்து வருவதால் எந்தச் சுரப்பி பின்தங்கியிருக்கிறது என்று தெரியாது. ஸ்கேனில் எந்தச் சுரப்பி என்று தெரியும், எத்தனை மில்லிலீற்றர் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் வரும். வெட்கமாக இருந்தால் திரைக்குப் பின்னால் இருந்து செய்ய இடம் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

அம்மாவுக்கு எழுபது வயது. வாய் காய்கிறது என்கிறார். ஸ்கேனோ நன்றாக இருக்கிறதாம். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். வயது கூடும்போது சுரக்கும் திசுவின் ஒரு பகுதியைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. ஆயினும் நோயில்லாத முதியவர்களில் காதடிச் சுரப்பியின் தூண்டப்பட்ட சுரப்பு பெரிதாகக் குறைவதில்லை. முதியவர்களின் வாய் வறட்சிக்கு அடிக்கடி காரணமாக இருப்பவை மருந்துகள்: தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் பழைய வகைக் குளிசைகள், சிறுநீரைக் கூட்டும் குளிசைகள் முதலியன. இவற்றில் சில நரம்பின் கட்டளையைத் தடுக்கின்றன. சுரப்பியின் அமைப்பைத் தொடுவதில்லை. எனவே படம் நன்றாகவே இருக்கும்.

அம்மாவின் கிளினிக் கொப்பியையும் குளிசை உறைகளையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம்.

வெற்றிலை போட்டால் எச்சில் நன்றாக ஊறுகிறது. அப்படியானால் சுரப்பிக்கு அது பயிற்சிதானே?

ஊறுவது உண்மை. மெல்லும் அசைவும், சுண்ணாம்பின் காரமும், பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளும் சேர்ந்து சுரப்பைத் தூண்டுகின்றன. அரிகோலின், உமிழ்நீர் நரம்பின் கட்டளையைப் போலவே செயற்படும் ஒரு வேதிப்பொருள். ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. வாய்த்தோல் தடித்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோய்க்கும் பாக்கே முதற்காரணம். இவற்றில் எதையும் சுரப்பி ஸ்கேன் காட்டாது. வெற்றிலை போடுபவர், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடாமல், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலையே இருக்கிறது.

ஒரு இடத்தில் ஒரு எண், இன்னோர் இடத்தில் இன்னோர் எண். எதை நம்புவது?

டொப்ளரில் வேகத்தைக் கணிக்கும்போது, ஒலிக்கற்றைக்கும் இரத்தக் குழாய்க்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அந்தக் கோணம் சற்றுத் தவறினாலே வேகம் மாறிவிடும். புரோப்பைக் கூட அழுத்தினால் மெல்லிய குழாய்கள் நசுங்கி நிறம் குறையும். சுரப்பியின் இறுக்கத்தை அளக்கும் எலாஸ்டோகிராபி முறையில் இந்த அழுத்தம் இன்னும் பெரிய பிழையைக் கொண்டுவருகிறது. மென்மையான சுரப்பியையும் அழுத்திப் பிடித்தால் இறுக்கமானதாகக் காட்டும். இயந்திரத்துக்கு இயந்திரமும் எண்கள் மாறும். எனவே இரண்டு இடத்து எண்களை அருகருகே வைத்து, ஏறியது இறங்கியது என்று சொல்லக்கூடாது. ஒரே இயந்திரம், ஒரே முறை, ஒரே நேரம், முடிந்தால் பார்ப்பவரும் ஒருவரே என்றிருந்தால்தான் அந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு.

ஸ்கேன் நன்றாக இருந்தால் ஷோகிரன் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

அந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. நோய் முற்றிய சுரப்பியில் முன்பு சொன்ன சீரான தன்மை குலைந்து, கறுப்புப் பொட்டுகள் பரவலாகத் தெரியும். இதை 0 முதல் 3 வரை தரப்படுத்துவார்கள். தொடக்க நிலையில் படம் சாதாரணமாகவே இருக்கலாம் என்பதால், நல்ல ஸ்கேன் ஒன்று நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 2016 ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டில் இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரியும், உதட்டிலிருந்து எடுக்கும் சிறு திசுவின் பரிசோதனையும் தலா 3 புள்ளிகள் பெறுகின்றன. தூண்டாத துப்பல் அளவு 1 புள்ளி பெறுகிறது. ஸ்கேனுக்கு அதில் புள்ளியே இல்லை. கண்ணும் வாயும் சேர்ந்து மாதக்கணக்கில் வறண்டிருந்தால், ஸ்கேன் எப்படி இருந்தாலும் வைத்தியரிடம் போக வேண்டும்.

அப்படியானால் என் சுரப்பி நன்றாக வேலை செய்கிறது என்று ஒரே எண்ணில் சொல்லவே முடியாதா?

முடியாது. ஆரோக்கியமான ஒருவருக்கு நிமிடத்துக்கு 0.2 மில்லிலீற்றர் சுரந்து வாழ்நாள் முழுவதும் தொல்லை இல்லாமல் இருக்கலாம், 0.6 சுரந்துவந்த இன்னொருவருக்கு அது 0.3 ஆனதும் வாய் காயத் தொடங்கலாம், அந்த 0.3 அட்டவணையில் சாதாரணம் என்றே இருந்தாலும். ஒருவருடைய வழமையான சுரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும்போதே வறட்சியை உணர்கிறார் என்பது அறியப்பட்ட விடயம். ஊராரின் சராசரியைவிட உங்களுடைய பழைய அளவே உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

சுகமாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனுக்கு, என் கணிப்பில், ஒப்பீட்டுக் குழுவில் ஓர் ஆளாக இருப்பதைவிடப் பெரிய பயன் அதுதான். அறிக்கையைக் கேட்டு வாங்கி, அளந்த நேரம், அன்று குடித்த மருந்துகள், துப்பலின் அளவு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் அங்கேயே எழுதச் சொல்லி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.